வெள்ளிக்கிழமை வாங்கிய டாலர்

சென்ற வியாழக்கிழமை மதியம் திவ்யா போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு அம்பத்தூர் கிளையில் என் நாற்காலிக்கு வந்தவள். வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும் மேசையை அவள்தான் பார்க்கிறாள். குரலில் பாதி கோபம், பாதி சிரிப்பு.

"மேடம், மண்ணூர்பேட்டையிலிருந்து ரெண்டு பேர் வந்து உட்கார்ந்திருக்காங்க. விசா டெபாசிட்டுக்குப் பணம் அனுப்பணும். ஃபார்ம் ரெடி, அக்கவுண்ட்ல பணம் ரெடி, ரேட்டும் இன்னைக்கு நல்லா இருக்கு. ஆனா இன்னைக்கு வேண்டாமாம். நாளைக்கு வெள்ளிக்கிழமை, பன்னிரண்டு மணிக்கு மேல வந்து வாங்கிக்கிறாங்களாம். போன மாசமும் இதே மாதிரி மூணு பேர். வெள்ளிக்கிழமை மத்தியானம் என் மேசையில கூட்டம் தாங்கல. யார் சொல்லிக் குடுத்தாங்கன்னு கேட்டா, உங்க பேரைச் சொல்றாங்க!"

நான் சிரித்த சிரிப்பில் அடுப்பில் இருந்த பால் பொங்கி வழிந்தது. ஆமாம், நான்தான். குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். "என்ன நடந்துதுன்னு எழுதிக் குடுங்க மேடம், நம்ம குரூப்ல போடறேன்" என்றாள் திவ்யா. அவள் எதிர்பார்த்தது நாலு வரி. முப்பத்துநான்கு வருடம் வங்கியில் இருந்தவளிடம் நாலு வரி கேட்டது அவள் தலையெழுத்து.

நான் குமாஸ்தாவாகச் சேர்ந்து, பரீட்சை எழுதி ஆபீசர் ஆன கதையெல்லாம் யாருக்கும் வேண்டாம். பணம் எண்ணினேன், பேரேடு எழுதினேன், கம்ப்யூட்டர் வந்ததும் அதோடு சண்டை போட்டேன். பிறகு இரண்டு வாரம் பயிற்சிக்கு அனுப்பி, அந்நியச் செலாவணி மேசையில் உட்கார வைத்தார்கள். பயிற்சியில் கற்றுக்கொண்டதில் பாதி முதல் மாதத்திலேயே மறந்துவிட்டது. மிச்சத்தைக் கற்றுக்கொடுத்தவர் அப்போது கிளை மேலாளராக இருந்த கிருபாகரன் சார்.

அவரை இப்போது நினைத்தாலும் சட்டைப்பையில் இருந்த சிவப்புப் பென்சில்தான் முதலில் கண்ணுக்கு வருகிறது. ஒல்லியான மனிதர். சத்தமே போட மாட்டார். மேசைக்கு வரும் டீ ஆறி, ஆடை கட்டி, பிறகுதான் குடிப்பார். வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப யார் வந்தாலும் அவர் கேட்கும் முதல் கேள்வி "எவ்வளவு?" என்பதல்ல. "கடைசித் தேதி என்ன?" என்பதுதான்.

தேதியைச் சொன்னதும் வாடிக்கையாளரைச் சுவரில் மாட்டியிருக்கும் காலண்டர் பக்கம் அழைத்துப் போவார். "அந்தத் தேதியில விரலை வைங்க. இப்போ பின்னாடி நடந்து வாங்க" என்பார். வந்தவர் விரலால் ஒவ்வொரு கட்டமாகப் பின்னால் வர வேண்டும். நடுவில் சனி, ஞாயிறு, நம் ஊர் விடுமுறை, அந்த ஊர் விடுமுறை எது குறுக்கிட்டாலும் சிவப்புப் பென்சிலால் ஒரு கோடு. "இங்க பள்ளம் இருக்கு, தாண்டுங்க." பெரிய கம்பெனி முதலாளி வந்தாலும் இதே நடைதான். விரல் எந்தக் கட்டத்தில் வந்து நிற்கிறதோ, அதற்குள் பணம் கிளம்பியாக வேண்டும். முன்னாலிருந்து எண்ணுகிறவன் எப்போதும் நாள் நிறைய இருக்கிற மாதிரி நினைத்துக்கொள்வான் என்று சொல்வார்.

எனக்கு இதெல்லாம் அப்போது வேடிக்கையாக இருந்தது. நான் கணக்கில் புலி. காலண்டரில் விரல் வைத்து நடப்பது குழந்தை விளையாட்டு என்று நினைத்தேன். அந்தத் திமிருக்கு ஒரு விலை இருந்தது. அதைக் கொடுத்தது நான் இல்லை என்பதுதான் இன்று வரை வலிக்கிறது.

வேலப்பன்சாவடியில் கல்லூரிகளுக்கு எதிரில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்த ஒருவர் வந்தார். மகன் வெளிநாட்டில் படித்துக்கொண்டிருந்தான். விசாவை நீட்டிக்க, அங்குள்ள வங்கிக் கணக்கில் இவ்வளவு இருக்க வேண்டும் என்று அந்த நாட்டில் ஒரு விதி உண்டு. அந்தத் தொகையை அப்படியே, ஒரு காசு கூடாமல் குறையாமல் அனுப்பினேன். என் துல்லியத்தில் எனக்கே பெருமை. கிருபாகரன் சார் அன்று லீவு.

பணம் ஒரு வங்கியிலிருந்து இன்னொரு வங்கிக்கு நேராகப் போவதில்லை. நடுவில் ஒரு வங்கி இருக்கும். அது தன் கூலியை அதே பணத்திலிருந்து எடுத்துக்கொள்ளும். போய்ச் சேர்ந்த வங்கியும் ஒரு கை எடுக்கும். அந்தப் பையன் கணக்கில் விழுந்தபோது, வேண்டிய தொகைக்கு ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசு குறைந்திருந்தது. அவ்வளவுதான். ஆனால் அங்கிருந்த அதிகாரிக்குக் குறைவு என்றால் குறைவுதான். பையன் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்கு வந்தான். ஒரு செமஸ்டர் போயிற்று.

கிருபாகரன் சார் என்னைத் திட்டவில்லை. "வாங்க போலாம்" என்று மட்டும் சொன்னார். இரண்டு பேரும் பஸ் பிடித்து அந்த ஜெராக்ஸ் கடைக்குப் போனோம். கடை வாசலில் நின்று, "தப்பு எங்க மேலதான் சார். உங்க பையன் மேல இல்ல. அதைச் சொல்லத்தான் வந்தோம்" என்றார். அந்த மனிதர் கோபப்பட்டிருந்தால் தேவலாம். ஸ்டூலைத் துடைத்துப் போட்டு டீ வரவழைத்தார். உள்ளே அந்தப் பையன் யாருக்கோ காகிதம் பின் அடித்துக்கொண்டிருந்தான்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் சார் சொன்னார்: "நம்ம தொழிற்பேட்டை எஸ்டேட்ல லேத் ஓட்டுறவங்களைப் பாருங்கம்மா. ரெண்டு இஞ்ச் சாமான் வேணும்னா ரெண்டு இஞ்ச் இரும்பா எடுக்கிறாங்க? தேயறதுக்குக் கொஞ்சம் கூடத்தான் எடுப்பாங்க. பணமும் போற வழியில தேயும்." பிறகு இன்னொன்றும் சொன்னார். "அனுப்பினதோட வேலை முடியாது. போறவங்க கையில நம்ம சீல் வச்ச ஒரு தாள் இருக்கணும். அந்த ஊர்ல அவங்களுக்கு வாய் இருக்காது. அந்தத் தாள்தான் வாய்."

அன்றிலிருந்து என் மேசைக்கு எதிரே காலண்டரும், என் கையில் ஒரு சிவப்புப் பென்சிலும் வந்து சேர்ந்தன. சார் ஓய்வு பெற்றுப் போன பிறகும் அவை இருந்தன. கிளைக்குப் பெயின்ட் அடித்தபோது காலண்டர் ஆணியைப் பிடுங்க வந்தவனிடம் நான் போட்ட சத்தத்தை இன்றும் சொல்லிச் சிரிப்பார்கள்.

இப்போது சரோஜாம்மா.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில மாதங்கள் இருந்தன. ஒரு திங்கட்கிழமை, கறுத்து உயரமாக ஒரு அம்மா மஞ்சப்பையை என் மேசையில் பொத்தென்று வைத்தார். அறுபத்தொரு வயது. எஸ்டேட்டில் ஒரு தையல் கம்பெனியில் முப்பது வருடம் மெஷின் மிதித்தவர். எங்கள் கிளையில் பழைய கணக்கு.

"மேடம், தாய்லாந்துக்குத் துட்டு அனுப்பணும். எட்டு லச்சம் அவுங்க துட்டுல. என் பேர்லயே அங்க பேங்க்ல கெடக்கணுமாம். இல்லன்னா கெளம்புன்றான்."

கதையை மெதுவாகப் பிடுங்கி எடுத்தேன். ஒரே மகள் கலா பாங்காக்கில் பள்ளிக்கூட டீச்சர். மருமகன் கொரோனாவில் போய்விட்டார். ஐந்து வயதுப் பேத்தி. பள்ளி விட்டு வந்தால் குழந்தையைப் பார்க்க ஆள் இல்லை என்று சரோஜாம்மா அங்கே போயிருந்தார். ஐம்பது வயது தாண்டியவர்களுக்கு அந்த நாட்டில் நீண்ட நாள் தங்க ஒரு வழி உண்டு. முதலில் தொண்ணூறு நாள் விசா. அது முடிவதற்குள் ஒரு வருடத்துக்கு நீட்டிக்க வேண்டும். நீட்டிக்க, எட்டு லட்சம் பாத் அந்த நாட்டு வங்கியில், விண்ணப்பிப்பவரின் தனிப்பெயரில் இருக்க வேண்டும். அதுவும் நேற்றுப் போட்டு இன்று காட்டுகிற வேலை ஆகாது. விண்ணப்பம் கொடுப்பதற்கு முன் முழுதாக இரண்டு மாதம் அங்கே கிடந்திருக்க வேண்டும். அங்கே கணக்கு ஏற்கெனவே திறந்துவிட்டார். பணத்துக்காக, திரும்பி நுழைய அனுமதி வாங்கிக்கொண்டு ஒரு வாரம் ஊருக்கு வந்திருந்தார்.

"பணம் எங்க இருக்கு?"

"நெமிலிச்சேரில எங்க ஆத்தா பங்கு மனை ஒண்ணு கீது. புதன்கெயம ரிஜிஸ்டர். எங்க ஆத்தாளும் அப்பனும் அந்த ஏரியால கூலிக்கு நாத்து நட்டவங்க மேடம். அவுங்க வாங்கிப் போட்ட மண்ணு. இது ஒண்ணுதான் மிச்சம்."

"முடியலைன்னா என்ன ஆகும்?"

சரோஜாம்மா பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டார். "நான் கெளம்பணும். நான் கெளம்புனா கொயந்தைய யாரு பாக்கறது? கலா வேலைய உட்டுட்டு வரணும். வேலைய உடணும்னா ரெண்டு மாசம் முன்னாடி லெட்டர் குடுக்கணுமாம். எழுதி வச்சிகினு கீறா. நான் துட்ட அனுப்பிட்டேன்னா கிழிச்சிடுவா. இல்லன்னா அடுத்த வாரம் புதன்கெயம நாலு மணிக்கு எட்மாஸ்டர் கைல குடுத்துடுவா."

அந்த அம்மாவைக் காலண்டர் பக்கம் அழைத்துப் போனேன். விசா முடியும் நாளில் விரலை வைக்கச் சொன்னேன். இரண்டு மாதம் பின்னால் வந்தோம். விரல் அடுத்த வாரப் புதன்கிழமையில் நின்றது. மகளின் கெடுவும் அதே நாள். அங்கிருந்து இன்னும் பின்னால்: பணம் போய்ச் சேர இரண்டு வேலை நாள். திங்கட்கிழமை அந்த ஊரில் அரசு விடுமுறை. ஒரு சிவப்புக் கோடு. ஞாயிறு ஒரு கோடு, சனி ஒரு கோடு. விரல் வெள்ளிக்கிழமையில் வந்து நின்றது.

"வெள்ளிக்கிழமை மதியம் ரெண்டு மணிக்குள்ள அனுப்பியாகணும். அதுக்கு மேல தலைமை அலுவலகத்துல டாலர் ரேட் தர மாட்டாங்க" என்றேன். சரோஜாம்மா தலையை ஆட்டினார். அந்த ஆட்டலை நான் சரியாகப் படிக்கவில்லை.

புதன்கிழமை பத்திரப்பதிவு நடந்தது. வாங்கியவர் கொடுத்த டிராஃப்ட்டை அன்றே போட்டார். வியாழன் மாலை கணக்கில் பணம் ஏறியது. அதற்குள் பான் கார்டு, பாஸ்போர்ட், விசா, பத்திர நகல் எல்லாவற்றையும் சேர்த்து ஃபைல் தயார் செய்துவிட்டேன். எவ்வளவு அனுப்புவது என்பதில் முதல் சண்டை.

"எட்டு லச்சத்து ஒண்ணு அனுப்புங்க மேடம். ஒண்ணு வச்சா போதும், வளரும்."

"மொய் எழுதலை சரோஜாம்மா. இங்கேருந்து டாலரா போகும், அங்க போய் அவங்க பணமா மாறும். மாத்துற ரேட் அன்னைக்கு எப்படியோ. வழியில கூலி வேற எடுப்பாங்க. இருபத்தஞ்சாயிரம் டாலர் அனுப்பலாம். தேய்ஞ்சது போக மிச்சம் உங்க பணம்தான்."

அடுத்தது வரி. பத்து லட்சத்துக்கு மேல் வெளிநாட்டுக்குப் போகும் தொகையில் ஐந்தில் ஒரு பங்கை வரியாக நாங்கள் முன்கூட்டியே பிடிக்க வேண்டும். வருமான வரிக் கணக்குக் காட்டினால் திரும்ப வரும். கணக்குப் போட்டுக் காட்டியதும் சரோஜாம்மா எழுந்தே நின்றுவிட்டார்.

"ரெண்டே கால் லச்சத்துக்கு மேலயா? நான் இன்னா திருடிகினா போறேன்? என் மண்ண வித்த துட்டு மேடம்!" வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் என்னைத் திருடியைப் பார்ப்பது போல் பார்த்தார்கள். ஒருவழியாக உட்கார வைத்து, திரும்ப வாங்குவதற்கு என்ன செய்ய வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். அதை நாலாக மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டார். மனையில் வந்த பணத்தில் அதற்கும் இடம் இருந்தது. காலையில் வந்து ஒரு கையெழுத்துப் போட்டால் போதும் என்று அனுப்பி வைத்தேன்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு வந்தார். நெற்றி நிறைய விபூதி, கையில் கோயில் பிரசாதம். எனக்கும் கொஞ்சம் கொடுத்தார்.

"மேடம், கையெயுத்த திங்கக்கெயம வந்து போட்டுடறேன். டிக்கெட்ட மாத்திக்கலாம்."

"எதுக்கு?"

"இன்னிக்கு வெள்ளிக்கெயம. வெள்ளிக்கெயம துட்ட வெளிய குடுக்க மாட்டேன்."

எனக்கு வந்த கோபத்தை மறைக்க விரும்பவில்லை. "திங்கட்கிழமையே காலண்டர்ல காட்டினேனே! அன்னைக்கு ஏன் சொல்லலை?"

"அன்னிக்குக் காட்டச்சொல்லோ துட்டே வரலியே. வந்தப்புறம் பாத்துக்கலாம்னு கம்னு இருந்தேன்."

மறுபடியும் காலண்டர். திங்கட்கிழமை கையெழுத்துப் போட்டாலும் அந்த ஊர் விடுமுறை முடிந்து செவ்வாய்தான் கிளம்பும், வியாழன்தான் போய் விழும் என்று விரலால் நடத்திக் காட்டினேன். "ஒரு நாள்தான மேடம் கொறையுது? அழுது கேட்டா உட மாட்டாங்களா?" என்றார். "அந்த ஆபீசர் உங்க சித்தப்பா மகனா?" என்று கேட்டேன். வேலப்பன்சாவடிப் பையன் பின் அடித்துக்கொண்டிருந்தது கண் முன்னால் வந்து நின்றது.

பிறகுதான் அந்த அம்மா காரணத்தைச் சொன்னார். சத்தம் போடாமல், என் மேசை விளிம்பைத் தடவிக்கொண்டே சொன்னார். "எங்க ஊட்டுக்காரு ஒரு வெள்ளிக்கெயம சீட்டுக்காரன் கைல மூணு லச்சம் குடுத்தாரு. கலா கண்ணாலத்துக்கு வச்சிருந்தது. வோணாம்யா, நாளைக்குக் குடுன்னேன். கேக்கல. அடுத்த வெள்ளிக்கெயம அவன் கடைல பூட்டு தொங்குது. அந்த மனுசன் அதுலயே படுத்தாரு, எந்திரிக்கல. இப்ப தெரிஞ்சே என்னியும் அதே மாதிரி பண்ணச் சொல்றியா மேடம்?"

மூடநம்பிக்கை என்று ஒரு வார்த்தையில் தள்ளிவிட நான் யார்? வெள்ளிக்கிழமை விளக்கு வைத்த பிறகு பக்கத்து வீட்டுக்காரி உப்புக் கேட்டால் நானும் நாளைக்கு வாங்க என்றுதான் சொல்வேன். கிருபாகரன் சார் இருந்தால் என்ன செய்திருப்பார் என்று யோசித்தேன். அவர் வாடிக்கையாளரோடு வாதாடவே மாட்டார். ஃபார்மை எடுத்து முதல் வரியிலிருந்து படிப்பார். எனக்கும் வேறு வழி தெரியவில்லை, ஃபார்மை எடுத்தேன்.

முதல் வரி தலைப்பு. நூறு முறை, ஆயிரம் முறை என் கையால் நிரப்பிய ஃபார்ம். தலைப்பை யார் படிக்கிறார்கள்? அன்றுதான் படித்தேன்.

"சரோஜாம்மா, வெள்ளிக்கிழமை தங்கம் வாங்குவீங்களா?"

"வாங்குவமே. நல்ல நாளாச்சே."

"அப்போ கடைக்காரருக்குத் துட்டு குடுக்குறீங்களே?"

"இன்னா மேடம் கேக்கற நீ? அது குடுக்கறதா? வாங்கறது!"

ஃபார்மை அந்த அம்மா பக்கம் திருப்பினேன். "இதுல என்ன போட்டிருக்கு தெரியுமா? அந்நியச் செலாவணி வாங்குவதற்கான விண்ணப்பம். நீங்க யாருக்கும் பணம் குடுக்கலை. எங்க பேங்க் டாலர் விக்குது, நீங்க வாங்குறீங்க. எங்க கணக்குலயும் அப்படித்தான் எழுதுவோம்."

இது நான் சொன்ன சமாளிப்பு அல்ல. எங்கள் தொழிலில் அது உண்மை. வெளிநாட்டுக்குப் பணம் அனுப்புகிற ஒவ்வொருவரும் முதலில் எங்களிடம் டாலர் வாங்குகிறார்கள், பிறகுதான் அது பயணம் போகிறது. அத்தனை வருடம் அந்த மேசையில் உட்கார்ந்தும் நான் அதை அப்படி யோசித்ததே இல்லை.

சரோஜாம்மா என்னை நம்பிவிடவில்லை. சீட்டுக்காரனைப் பார்த்தவர். ஃபார்மின் தலைப்பைப் போனில் படம் பிடித்து மகளுக்கு அனுப்பினார். பத்து நிமிடம் ஆனது. கலாவின் குரல் வந்தது: "அம்மா, வாங்கறதுக்கான அப்ளிகேஷன்னுதான் போட்டிருக்கு. ஏம்மா, என்னாச்சு?"

சரோஜாம்மா போனை அணைத்துவிட்டு என்னிடம் குறுக்கு விசாரணை தொடங்கினார்.

"யார் பேர்ல வாங்கறேன்?"

"உங்க பேர்ல."

"எங்க கெடக்கும்?"

"உங்க பாஸ்புக்ல. தனியா உங்க பேர்ல மட்டும்."

"அப்ப வெளிய யாருக்கும் குடுக்கல."

"ஒருத்தருக்கும் குடுக்கலை."

மணியைப் பார்த்தார். பதினொன்றரை. "ராவு காலம் முடியட்டும் மேடம். பன்னண்டுக்கு மேல வாங்கிக்கறேன்."

நான் கும்பிடாத குறைதான். பன்னிரண்டு அடித்து ஐந்து நிமிடத்தில், பிரசாதப் பூவை ஃபார்மின் மேல் ஒரு கணம் வைத்து எடுத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். நான் ரேட் வாங்கி, அந்த ஊர் வங்கிக்குப் போகும் பணச் செய்தியை அடித்து, மேலாளரின் இரண்டாவது ஒப்புதலும் வாங்கி அனுப்பியபோது மணி ஒன்று இருபது. வேறு யாருடைய வேலையையும் அவ்வளவு வேகமாக நான் செய்ததில்லை. அனுப்பிய செய்தியின் நகல், சொந்தப் பணம் என்று ஆங்கிலத்தில் ஒரு கடிதம், பத்திர நகல் மூன்றையும் சீல் வைத்து ஒரு கவரில் போட்டுக் கொடுத்தேன். "இது உங்க வாய். பெட்டியில போடாதீங்க, கைப்பையில வச்சுக்கங்க" என்றேன். ஞாயிறு இரவு விமானத்தில் போய்விட்டார்.

செவ்வாய் மாலை வரை கணக்கில் ஏறவில்லை. புதன் காலையும் இல்லை. பணம் எங்கே இருக்கிறது என்று பார்க்க எங்களுக்கு வசதி உண்டு. பார்த்தேன். அந்த ஊர் வங்கிக்குச் செவ்வாயே போய்ச் சேர்ந்திருந்தது. பெரிய தொகை என்று நிறுத்தி வைத்திருந்தார்கள். கணக்குக்காரர் நேரில் வந்து விவரம் சொல்ல வேண்டுமாம். அந்த ஊர் நேரம் நமக்கு ஒன்றரை மணி முன்னால். அங்கே நாலு மணி என்றால் இங்கே இரண்டரை. கலா வகுப்பில் இருந்தாள், ராஜினாமா கடிதம் அவள் பையில் இருந்தது.

சரோஜாம்மாவுக்குப் போன் போட்டேன். "கவரை எடுத்துக்கிட்டு உடனே பேங்குக்குப் போங்க."

"எனக்கு அவுங்க பாஷை ஒரு எயுத்தும் தெரியாதே மேடம்."

"கவருக்குத் தெரியும். போங்க."

அன்று நான் சாப்பிடவில்லை. எதிரில் நின்ற வாடிக்கையாளர் கேட்டதற்கு என்ன பதில் சொன்னேன் என்றும் நினைவில்லை. ஒன்று பத்துக்குப் போனில் ஒரு படம் வந்தது. பாஸ்புக்கின் ஒரு பக்கம். அதில் அன்றைய தேதி. தேய்ந்தது போக எட்டு லட்சத்து ஏழாயிரத்துச் சொச்சம். எட்டு லட்சத்து ஒன்று அனுப்பியிருந்தால் குறைந்திருக்கும். நான் இருக்கையிலிருந்து எழுந்து, காலண்டரில் அந்தப் புதன்கிழமையைச் சுற்றி ஒரு பெரிய சிவப்பு வட்டம் போட்டேன். கிளையே திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டும்.

அதன் பிறகு இரண்டு மாதம் அந்தப் பணத்தை ஒரு பாத் கூடத் தொடக் கூடாது. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் சரோஜாம்மாவின் போன் வரும். "மேடம், அப்டியே கீது." அவ்வளவுதான், வைத்துவிடுவார். ஒரு வாரம் வீட்டு ஏசி பழுதாகி, கலா கொஞ்சம் எடுக்கலாமா என்று கேட்டாளாம். "விசிறிகினு படு" என்று சொல்லிவிட்டதாகப் பெருமையோடு சொன்னார்.

விண்ணப்பிக்கும் நாளன்று காலை வங்கிக்குப் போய்க் கடிதம் வாங்கி, பாஸ்புக்கில் அன்றைய தேதியிலேயே ஒரு வரி இருக்க வேண்டும் என்பதற்காக நூற்றொரு பாத் போட்டிருக்கிறார். அந்த ஒன்றை அவர் விடவில்லை. குடிவரவு அலுவலகத்தில் இரண்டு மணி நேரம் காத்திருந்தார். மதியம் எனக்கு வீடியோ அழைப்பு வந்தது. திரை முழுக்கப் பாஸ்போர்ட் பக்கம். அதில் புது முத்திரை, ஒரு வருடம் தள்ளி ஒரு தேதி.

"மேடம்! போட்டுக் குட்த்துட்டாங்க! ஒரு கேள்வி கேக்கல. புக்கத் தொறந்தான், பாத்தான், குத்தினான்."

நான் அழுதுவிட்டேன். அழுகையை மறைக்க, எப்போதும் கேட்கும் கேள்வியையே கேட்டேன். "அடுத்த கடைசித் தேதி என்ன?"

"தெரியும் மேடம். ஊட்டுச் செவுத்துல காலண்டர் மாட்டி, பின்னாடி நடந்து பாத்துட்டேன். இன்னும் மூணு மாசம் தொடக் கூடாது, அதுக்கப்புறமும் பாதி கெடக்கணும்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "இங்க நம்ம பக்கத்துலருந்து வந்தவங்க நாலஞ்சு பேரு கீறாங்க. அவுங்களாண்ட சொல்லிட்டேன், அந்த மேடம் பேங்க்ல வெள்ளிக்கெயம பன்னண்டு மணிக்கு மேல வாங்குனா தங்கமாட்டம் நிக்கும்னு."

அப்போது எனக்கு அது பெரிதாகத் தோன்றவில்லை. திவ்யா, உன் வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்குக் காரணம் இதுதான். அவர்களை வியாழக்கிழமை வாங்க வைக்கப் பார்க்காதே. காலண்டரில் விரலை வைக்கச் சொல். வெள்ளியில் நாள் பொருந்தினால் வாங்கிவிட்டுப் போகட்டும். பொருந்தாவிட்டால் ஃபார்மின் தலைப்பைப் படித்துக் காட்டு, எந்த நாளும் வாங்குகிற நாள்தான் என்று சொல்.

ஒன்றை எழுத மறந்துவிட்டேன். அன்று வீடியோவில் நான் கலாவைக் கேட்டேன். ஸ்கூலுக்குப் போயிருக்கிறாள் என்றார் சரோஜாம்மா. "அந்த ராஜினாமா லெட்டரை அன்னைக்கே கிழிச்சாச்சா?"

"கிழிக்க வந்தா. நான்தான் வாங்கிகினேன்." போனை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்க் கீழே காட்டினார். மாவு அரைக்கும் கிரைண்டர், ஒரு காலுக்கு அடியில் எட்டாக மடித்த வெள்ளைத் தாள். "கிரைண்டரு ஒரு பக்கம் ஆடிகினே இருந்துச்சு மேடம். அண்டக் குட்த்துட்டேன். இப்ப கல்லு மாதிரி நிக்குது பாரு."